நூற்பும் சாயமும்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்திரமேரூர் வட்டத்தில், செய்யாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் காவாந்தண்டலம். நெல் விளையும் நாடு அது. ஆயினும் காஞ்சியைச் சூழ்ந்த அந்நாடு நெல்லைக் காட்டிலும் தறியினால் பெரும்பெயர் பெற்றது. காஞ்சி நகரின் தெருக்களிலும் அதனை அடுத்த சிற்றூர்கள் பலவற்றிலும், தெருவில் நடந்து செல்வோர் காதில் தறியின் ஓசை விழும். நாடா இப்புறமும் அப்புறமும் ஓட, விழுது தாழ்ந்து எழ, பட்டுச் சேலை விரல் விரலாக வளர்வதை அங்குக் காணலாம்.

அத்தறியின் அருகே நின்று நோக்கும் சிறுவர்க்கு, "இந்த நூலை நூற்றவர் யார்?" என்னும் வினா எழுதல் இயல்பு. பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. நூலின் நிறம் மட்டும் காஞ்சிச் சாயக்காரரின் கைவண்ணம். உண்மையை உரைத்தால், இப்பட்டை எவரும் நூற்பதில்லை. புழு தன் கூட்டைக் கட்டும்பொழுதே பல நூறு கெச நீளமுள்ள இழையை அறுபடாமல் சுற்றி வைத்துவிடுகிறது. மனிதர் அதனை வெந்நீரில் இட்டு இழுத்துக்கொள்கின்றனர். நூற்கப்பட வேண்டியது பருத்தியே. பருத்தி நெய்யும் தறிகளிலும் இன்று ஓடுவது ஆலை நூலாகவே உள்ளது. கைத்தறி நிலைத்தது, கையிராட்டை நிலைக்கவில்லை. இரண்டும் ஒரே குடியில் பிறந்த உடன்பிறப்புகளாயிருக்க, ஒன்று வாழ்ந்து மற்றொன்று வீழ்ந்தது எங்ஙனம்?

இதனை அறிய நூற்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பருத்தியின் ஓர் இழை ஏறக்குறைய ஓர் அங்குல நீளமே உள்ளது. அதனை இரு விரலால் பற்றி இழுத்தால் எளிதில் அறும். இத்தகைய எண்ணற்ற குறு இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படியவைத்து முறுக்கேற்றினால் நெடிய நூல் பிறக்கிறது. பசையோ முடிச்சோ அதில் இல்லை. முறுக்கு ஒன்றே இழைகளைப் பிணைத்து நிற்கிறது.

கொட்டை நீக்கிய பஞ்சை முதலில் வில்லால் அடிப்பர். நாணின் அதிர்வில் பஞ்சு பிரிந்து பால்நுரை போல எழும். அதனை மெல்லிய குச்சியின்மேல் உருட்டிக் குச்சியை உருவினால், விரல் பருமனுள்ள பஞ்சுப் பட்டை கிடைக்கும். நூற்பவர் இடக்கையில் பட்டையை மென்மையாகப் பற்றுவர். வலக்கையால் இராட்டையின் சக்கரத்தைச் சுற்றுவர். சக்கரம் ஒருமுறை சுற்றக் கதிர் பலமுறை சுழலும். இடக்கை மெல்லப் பின்னே செல்லச் செல்ல, பட்டையின் நுனியிலிருந்து நூல் புகைக்கொடி போல நீண்டு வரும். கை எட்டிய தொலைவு வந்ததும் சக்கரத்தைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, நூற்ற நூலைக் கதிரில் சுற்றவிடுவர். இழுப்பு மிகுந்தால் நூல் அறும். முறுக்கு மிகுந்தால் சுருண்டு முடிச்சாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைச் சொற்களால் உணர்த்த இயலாது, விரலே அறியும். ஒருமுறை விரல் அறிந்துகொண்டால், கண்ணை மூடிக்கொண்டும் நூற்கலாம். பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் நூற்கலாம். நூற்பு கூடியிருந்து செய்யும் தொழிலாக வளர்ந்ததற்கு இதுவே காரணம் எனலாம். பஞ்சாபில் இளம்பெண்கள் இராட்டைகளோடு ஒரு வீட்டில் கூடி இரவில் பாடிக்கொண்டே நூற்கும் வழக்கத்திற்குத் 'திரிஞ்சண்' என்றே ஒரு பெயர் உண்டு.

ஆனால் இத்தொழில் மிக மெதுவானது. பழைய இராட்டையில் தேர்ந்த கை ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 கெசம் வரை நூற்கும். 6 கெச நீளமும் 44 அங்குல அகலமும் உள்ள ஒரு சேலையில், அங்குலத்திற்கு 40 இழை என வைத்துக்கொண்டால், பாவில் 1,760 இழைகள் ஓடும். அவற்றின் மொத்த நீளம் 10,560 கெசம். ஊடைக்கும் அவ்வளவே வேண்டும். ஆக, ஒரு சேலைக்கு 21,120 கெச நூல். இதனை ஒருவர் நூற்க ஏறக்குறைய 60 மணி நேரம் ஆகும். நெய்பவரோ பாவு ஏறிய தறியில் அச்சேலையை இரண்டே நாளில் முடித்துவிடுவார். எனவே ஒரு தறியின் பசியைத் தணிக்க நால்வர் ஐவரேனும் ஓயாது நூற்க வேண்டியிருந்தது. தறி ஒன்றாயிருந்த ஊரில் இராட்டை பலவாயிருந்தது இக்கணக்கினாலேயே.

அந்த இராட்டைகளைச் சுற்றியவர் பெரும்பாலும் பெண்டிர். அவர்களுள்ளும் கைம்பெண்கள் மிகப் பலர். ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணைப் பாடல் ஒன்று உவமையாகக் கூறுகிறது. நிலமும் பொருளும் இல்லாத ஒரு பெண், பிறர் கையை எதிர்பாராமல் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே மானத்தோடு உண்பதற்கு இராட்டை வழிசெய்தது. நெடுங்காலம் அவ்வழி அடைபடவில்லை.

அது அடைபட்டது மேலைநாட்டில் பிறந்த எந்திரத்தால். இங்கிலாந்தில் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமைத்த நூற்பு எந்திரங்கள் ஒரே வேளையில் பல கதிர்களைச் சுழற்றின. நீரும் நீராவியும் அவற்றை இயக்கின. அந்நூல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. நெய்பவருக்கு அது கேடாக முதலில் தோன்றவில்லை. மலிவான, ஒரே சீரான நூல் கேட்டபொழுது கிடைத்தது. அவர் தறியை விடாது ஆலை நூலுக்கு மாறிக்கொண்டார். நூற்றவர்க்கோ மாறிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

இத்துன்பத்தை நூற்ற பெண் ஒருத்தியே எடுத்துரைத்த சான்று ஒன்று உண்டு. வங்காளத்தில் 'சமாசார் தர்ப்பண்' என்னும் செய்தித்தாளில் 1828-ஆம் ஆண்டில் ஒரு முறையீடு வெளிவந்தது. எழுதியவள் சாந்திப்பூரைச் சேர்ந்த ஒரு கைம்பெண். அவள் இளவயதில் கணவனை இழந்தவள். மூன்று பெண்மக்களின் தாய். வீட்டு வேலைகளை முடித்துவிட்டு அவள் இராட்டையின்முன் அமர்வாள். நெசவாளர் அவள் வாயிற்படிக்கே வந்து நூலை விலை கொடுத்து வாங்கிச் சென்றனர். வேண்டியபொழுது முன்பணமும் தந்தனர். அவ்வருவாயைக் கொண்டே அவள் மூன்று பெண்களுக்கும் மணம் செய்வித்தாள். மாமனாரின் இறுதிக்கடனையும் குறைவின்றி ஆற்றினாள். பின்னர் நெசவாளரின் வருகை நின்றது. சந்தைக்கு நூலை அனுப்பினாலும் பழைய விலையில் கால்பங்குக்கும் அது விலைபோகவில்லை. கடல் கடந்து வந்த நூலே காரணம் என்று கேள்வியுற்று, அந்நூலை வருவித்துப் பார்த்தாள். தன் நூலினும் அது மேலாக இருந்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். சீமையில் உள்ளோர் அனைவரும் செல்வர் என்று எண்ணியிருந்தவள், இவ்வளவு உழைத்து நூற்ற நூலை இத்தனை தொலைவு விற்பனைக்கு அனுப்புவதாயின், தன்னினும் ஏழைப் பெண்கள் அங்கும் உளர்போலும் என இரங்குகிறாள். தன் வாழ்வைக் கெடுத்த நூலைக் கையில் ஏந்தியவாறே, அதனை நூற்ற அயல்நாட்டுப் பெண்ணுக்காக வருந்திய அவ்வுள்ளம் பெரிது. அந்நூலை நூற்றது எந்திரம் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை.

எண்பது ஆண்டுகளுக்குப் பின், இராட்டையைக் கண்ணால் கண்டவரே அரியராயினர். 1909-இல் 'இந்திய சுயராஜ்யம்' என்னும் நூலை எழுதியபொழுது தாம் இராட்டையைக் கண்டதாகவே நினைவில்லை என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவியபின் தறி வந்தது. நெய்யக் கற்றதும் ஆயிற்று. நூலுக்கோ ஆலையை நாட வேண்டியிருந்தது. நூற்கக் கற்பிப்பார் எவரும் அகப்படவில்லை. 1917-இல் கங்காபென் மஜும்தார் என்னும் பெண்மணியை அவர் சந்தித்தார். அவரும் கைம்பெண்ணே, குதிரையேறித் தனியே பயணம் செய்யும் துணிவுடையவர். இராட்டையைத் தேடித் தரும் பொறுப்பை ஏற்ற அவர் குஜராத்தில் பல இடங்களில் அலைந்து, இறுதியில் பரோடா அரசைச் சேர்ந்த விஜாப்பூரில் அதனைக் கண்டார். அங்குப் பலருடைய வீடுகளில் இராட்டைகள் பரண்மேல் கிடந்தன. பட்டை தந்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்வதாக உறுதியும் அளித்தால் மீண்டும் நூற்க அவர்கள் இசைந்தனர். மரத்தாலான சக்கரத்தைத் தச்சர் எவரும் செய்துவிடலாம். பரணிலிருந்த சக்கரத்தோடு அதனைச் சுற்றத் தெரிந்த கைகளும் எஞ்சியிருந்தமையே பெரும்பேறு. இன்னும் ஒரு தலைமுறை கடந்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று கூற இயலாது.

அதன்பின் இராட்டை நாடெங்கும் பரவியது. 1924-இல் காங்கிரசு அமைப்பினர் திங்கள்தோறும் 2,000 கெசம் நூற்றுத் தருதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வழக்கறிஞரும் வணிகரும் பட்டையைக் கையில் எடுத்தனர். அவர்கள் நூற்ற நூல் பெரும்பாலும் முண்டும் முடிச்சுமாக இருந்ததென்பதில் ஐயமில்லை. 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டில் திருப்பூர் கதர்ப்பணிக்கு நடுவிடமாயிற்று. அதே ஆண்டில் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழை பொய்க்கும் மேட்டுநிலம் அது. அங்குள்ள பெண்டிர் பஞ்சைப் பெற்றுச் சென்று, நூலாக்கிக் கொணர்ந்து, கூலி பெற்றனர். வறண்ட ஆண்டுகளில் அக்கூலி சிறிதாயினும், அடுப்பு எரிய அது துணைநின்றது.

எனினும் கூலியின் சிறுமை நீங்கவில்லை. கதிர் ஒன்றே சுழலும்வரை நீங்கவும் வழியில்லை. ஆகவே, சிற்றூரில் பழுதுபார்க்கத்தக்கதும் மிகுதியாக நூற்பதுமான இராட்டையை அமைப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு வழங்குவதாக நூற்போர் சங்கம் 1929-இல் அறிவித்தது. பலர் முயன்றனர், ஒருவரும் நிறைவு செய்யவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1949-இல், திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் ஆலை எந்திரத்தின் உருளைகளைச் சிறு வடிவில் இராட்டையில் பொருத்தினார். உருளைகள் பஞ்சை நீட்டிக் கொடுக்க, ஒரு கைப்பிடியால் கதிர்கள் பல சுழன்றன. அவர் பெயரால் அது 'அம்பர் இராட்டை' எனப்பட்டது. ஏகாம்பரநாதர் காஞ்சியில் கோயில் கொண்ட இறைவனின் திருப்பெயர். ஒற்றை மாமரத்தால் அமைந்தது அப்பெயர் என்பர். அம்பரம் என்னும் சொல்லுக்கோ தமிழில் ஆடை என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் இத்துணைப் பொருந்துதல் அரிது!

அம்பர் இராட்டையால் வருவாய் உயர்ந்தது. ஆனால் விரல் அறிந்த அந்த நுட்பத்தை உருளை எடுத்துக்கொண்டது. கூலிக்கு நூற்கும் பெண்ணுக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை. நாள்முழுதும் நூற்பவளிடம் ஒற்றைக் கதிரின் இனிமையைப் பேசுதல் கொடுமையாகும். ஆயினும் பழைய முறை முற்றும் மறையவில்லை. ஆந்திரத்தின் வடகோடியிலுள்ள பொந்தூரில், 'வாலுக' என்னும் மீனின் பல்வரிசையுள்ள தாடையெலும்பால் பஞ்சைச் சீவி, ஒற்றைக் கதிர் இராட்டையில் நூறாம் நம்பர் நூல் நூற்கும் பெண்டிர் உளர். நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெசம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிக்கும். நூறாம் நம்பர் எனில் ஒரு பவுண்டில் 84,000 கெசம். ஏறக்குறைய 77 கிலோமீட்டர். காஞ்சியிலிருந்து சென்னைக்கு நீட்டினாலும் நூல் சிறிது மிஞ்சும்.

கைந்நூலுக்கு உறுதியாயிருந்த இடங்களும் குறைந்து வருகின்றன. தேசியக்கொடி கையால் நூற்றுக் கையால் நெய்த துணியாலேயே ஆதல் வேண்டும் என்றிருந்த விதி 2021 திசம்பரில் திருத்தப்பட்டு, எந்திரத்தால் செய்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடமளிக்கப்பட்டது.

நூல் பிறந்தபின் நிறம் பெறுதல் அடுத்த நிலை. நிறத்தின் வரலாறும் ஏறக்குறைய நூலின் வரலாறே. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் சாயவேர் என்னும் சிறு செடி வளர்கிறது. இம்பூறல் என்றும் அதனை வழங்குவர். அதன் மெல்லிய வேரிலிருந்து செந்நிறம் எடுத்தனர். யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளிலும் அவ்வேரைத் தோண்டியெடுத்தனர். வேரை வேகவைத்து நூலைத் தோய்த்தால் மட்டும் நிறம் நில்லாது. கடுக்காய் நீரிலும் படிகார நீரிலும் முன்னரே ஊறவைத்தல் வேண்டும். படிகாரம் நூலிழையையும் நிறத்தையும் பிணைக்கிறது. அதன் பின்னரே சிவப்பு வெயிலுக்கும் வெளுப்புக்கும் அஞ்சாது நிற்கும். மஞ்சளில் தோய்த்த துணி எத்துணை ஒளியோடு விளங்கினும், சில நாள் வெயிலில் வெளிறிவிடுவதை எல்லா வீடுகளிலும் காணலாம்.

நீலத்தின் செய்முறை இன்னும் வியப்புடையது. அவுரித் தழையை நீர்த்தொட்டியில் ஓரிரவு ஊறவைத்து, அந்நீரை வடித்துக் கலக்கி அடித்தால், அடியில் நீலம் படியும். அதனைக் காய்ச்சி வடிகட்டிக் கட்டியாக்குவர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இன்றும் இத்தொழில் நடைபெறுகிறது. ஆனால் நீலக்கட்டி நீரில் கரையாது. கரையாததை நூல் உட்கொள்ளாது. ஆதலின் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் சில நாள் புளிக்கவிடுவர். புளிப்பேறியதும் நீலம் தன் நிறத்தை இழந்து, பசுமஞ்சள் நீராகக் கரையும். நன்கு புளித்த தாழியை அதன் மணத்தாலும் மேலே படரும் செப்பு மினுமினுப்பாலும் சாயக்காரர் அறிவர். அந்நீரில் முக்கியெடுத்த நூற்சிட்டம் முதலில் பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டவுடன் பச்சை மெல்ல மறைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்பொழுதே நீலமாகும். காற்றிலுள்ள உயிர்வளி நீலத்தை மீண்டும் கரையாப் பொருளாக்கி இழைக்குள் சிறைப்படுத்துகிறது. எத்தனைமுறை முக்கி எடுக்கின்றனரோ அத்தனைக்கு நிறம் ஆழ்ந்து கருநீலமாகும்.

இந்நீலத்திற்கு இருண்ட பக்கமும் உண்டு. பீகாரின் சம்பாரணில் உழவர் தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கை அவுரிக்கு ஒதுக்குமாறு வெள்ளைத் தோட்டக்காரரால் வற்புறுத்தப்பட்டனர். 1917-இல் காந்தியடிகள் அவர்களுக்காகப் போராடினார். செருமானிய வேதியியலார் 1868-இல் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். செயற்கை நீலம் 1897-இல் சந்தைக்கு வந்தது. அதன்பின் சாயவேரைத் தோண்டுவாரும் அவுரி விதைப்பாரும் விரைவில் அருகினர். காஞ்சிச் சாயக்காரரும் பட்டின் பசையைச் சவுக்கார நீரில் நீக்கியபின் செயற்கைச் சாயங்களையே பெரும்பாலும் கையாளலாயினர். சாயம் மாறினும், கொதிநீரில் சிட்டங்களைக் கழியில் கோத்துப் புரட்டிப் புரட்டி, ஒரு சேலைக்குரிய நூல் முழுவதையும் ஒரே நிறத்திற்குக் கொணரும் கைத்திறன் மாறவில்லை.

பிழைப்பாக நின்ற இக்கலைகளை இன்பத்திற்காக மேற்கொண்டோர் பின்னர்த் தோன்றினர். ஈழத்துத் தமிழறிஞர் ஆனந்த குமாரசாமியின் மனைவியாய் இலங்கைக்கு வந்த எதெல் என்னும் ஆங்கிலப் பெண்மணி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவின் ஊர்களில் கைவினைஞரின் வேலைகளைக் கணவரோடு கண்டு பழகினார். இங்கிலாந்து திரும்பியபின் அவர் நூற்பையும் நெசவையும் இயற்கைச் சாயமிடுதலையும் தாமே பயின்றார். எதெல் மேரட் என்னும் பெயரில் தாவரச் சாயங்களைப் பற்றி 1916-இல் ஒரு நூல் வெளியிட்டார். டிச்லிங் என்னும் சிற்றூரில் அவர் அமைத்த பட்டறைக்குப் பலர் வந்து கற்றனர். எந்திரத்தை உலகுக்கு அளித்த அந்நாட்டிலேயே இராட்டை மீண்டும் சுழன்றது விந்தையே. இன்று பிரிட்டன், அமெரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் ஆடவரும் பெண்டிரும் தத்தம் இராட்டைகளோடு ஓரிடத்தில் கூடி, ஆட்டுமயிரை நூற்று, வெங்காயத் தோலிலும் வேர்களிலும் நிறமேற்றி, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தி மகிழ்கின்றனர். தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைநாட்டுப் பெண்டிரோ, மந்தையின் பின்னே நடந்துகொண்டே கைக்கதிரில் நூற்கின்றனர்.

நூற்கத் தொடங்குவோர்க்கு இராட்டையும் இன்றியமையாததன்று. நேரான மெல்லிய குச்சி ஒன்றும், அதன் கீழ்ப்பகுதியில் செருகத் துளையிட்ட வட்டமான தகடு ஒன்றும் இருந்தால் தக்ளி ஆயிற்று. ஒருகாலத்தில் ஆதாரக் கல்விப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவர் கையிலும் அது இருந்தது. குச்சியின் நுனியில் சிறு கொக்கி வேண்டும். பட்டையின் முனையை அதில் மாட்டி, விரல்களால் தக்ளியைச் சுழற்றிவிட்டு, பட்டையை மெல்ல உயர்த்த வேண்டும். முதல் நாளில் நூல் ஓரிடத்தில் கயிறாகவும் ஓரிடத்தில் மயிராகவும் வரும், பலமுறை அறும். அறுந்த நூலை முடிச்சிடல் கூடாது. அறுந்த முனையின் முறுக்கைச் சிறிது தளர்த்தி, பட்டையின் இழைகளை அதன்மேல் ஓர் அங்குல அளவு படியவிட்டு, தக்ளியை மீண்டும் சுழற்றினால், பழைய நூலும் புதிய பஞ்சும் ஒரே முறுக்கில் இணைந்துவிடும். செம்மையாக இணைந்திருப்பின், பின்னர் விரலால் தடவிப் பார்த்தாலும் இணைந்த இடம் தெரியாது.